வட்டை அழித்து நிறுவு

முப்பத்தொரு வருஷம் எழுத்துப் பிழை பார்த்துப் பிழைத்தவள் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் ஓர் அச்சகத்தில் புரூஃப் ரீடர். ஒற்று மிகுமா மிகாதா என்று பக்கத்து மேசைக்காரர்களோடு மல்லுக்கு நின்றே தலை நரைத்தது. தமிழ் எம்.ஏ. வேறு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததற்கு வேறு யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். மதுரை–வாடிப்பட்டி ரூட். அவர் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும். வீட்டிலும் அதே குரல்தான். "சாம்பார்ல உப்பு பத்தல" என்று அவர் சொன்னால், பசுமலையில் எங்கள் தெரு முழுக்க என் சமையல் லட்சணம் தெரிந்துவிடும். மெதுவாகப் பேசுங்கள் என்று எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன்! ஓய்வு பெற்ற மறு வருஷம் அவருக்குத் தொண்டை கட்டியது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று மூன்று மாதம் ஓட்டினோம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனால் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேச வேண்டியதையெல்லாம் இந்த நாலு நாள்ல பேசிக்கங்கம்மா. போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க. பின்னாடி தேடுவீங்க" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கோ போன் என்றாலே ஆகாது. வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவார். ஆக அவர் குரல் வேறு எந்த போனிலும் கிடையாது. அந்த நான்கு நாளும் என் போனை அவர் முன்னால் வைத்துப் பதினொரு தடவை பதிந்தேன். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வரும்.

அதை போனில் வைத்திருக்க இடமில்லை. தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற மனுஷன், வாடிக்கையாளரிடம் அசல் மதுரைத் தமிழ். அச்சகத்தை மூடியபோது எனக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரை அவர்தான் வந்து பார்ப்பார். அவர்தான் அந்தப் பதினொன்றையும் அதில் ஏற்றித் தந்தார். போனிலிருந்து அழித்தும் தந்தார்.

"யக்கா, டி டிரைவ்ல போட்டிருக்கேன். கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் சி தான் போகும். டி பத்திரம். எமனே வந்தாலும் தொட முடியாது" என்றார்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது வேதவாக்கு. உள்ளே சி, டி என்று இரண்டு அறை; சி போனால் போகட்டும், முக்கியமானதை டியில் வை. நானும் நம்பினேன். நகையை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வருகிற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தின் நடுவில் ஒரு துவாரம், மூச்சு அதன் வழியாக. குரல் போயே போய்விட்டது. கழுத்தில் வைத்து அழுத்தினால் கரகரவென்று பேசுகிற ஒரு கருவியை வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு நாள் டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் "ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றதும் பக்கத்தில் அம்மா இடுப்பில் இருந்த குழந்தை வீல் என்று அழுதிருக்கிறது. கருவி பீரோவுக்குள் போனது. டீக்கடையும் நின்றது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. நாற்பது பக்க நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் காட்டுவார். பழைய பழக்கத்தில் பேனாவைக் காதில் செருகிக்கொள்வார். அந்தக் குரல் ஃபைல்களை இரண்டு வருஷம் நாங்கள் திறக்கவே இல்லை. திறப்போமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு விஷயம் சொன்னாள். சின்னப் பெண், நல்ல பெண். "அய்யாவோட பழைய ரெக்கார்டிங் எதுவும் இருக்காம்மா? சுத்தமா ஒரு அரை மணி நேரம் இருந்தாப் போதும். அதை வச்சு அவர் குரலையே செஞ்சு தர்றாங்க. போன்ல டைப் பண்ணினா அவர் குரல்லயே பேசும். சென்னையிலருந்து ஒரு கம்பெனிக்காரங்க வாராங்க, இன்னும் இருபது நாள் இருக்கு. கொண்டு வாங்க" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நோட்டை எடுத்து, "என் குரலா?" என்று எழுதி அவளிடம் நீட்டினார். "உங்க குரலேதான்" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது என் மடியில் நோட்டைப் போட்டார். "என் குரல்ல வந்தா வெளியே வாரேன்" என்று எழுதியிருந்தார். இரண்டு வருஷத்தில் அவர் ஏதோ ஒன்றை வேண்டும் என்று கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த கையோடு கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக நான்கு வரி ஆங்கிலம் வந்து நின்றது. அணைத்துப் போட்டேன், அதே நான்கு வரி. சனியன், இரண்டு வருஷம் சும்மா கிடந்துவிட்டு இன்றைக்குப் பார்த்துப் படுத்துக்கொண்டதே! தல்லாகுளத்துக்கு போன் போட்டேன்.

"ஓஎஸ், அதான் விண்டோஸ், போயிருச்சுக்கா. அந்தக் காலத்து மிஷினு, இப்ப வர்ற ஓஎஸ் எதுவும் அதுல ஏறாது. லினக்ஸ் வேணாப் போடலாம். ஃப்ரீதான், பழசுலயும் நல்லா ஓடும். கொண்டாங்க, போட்டுத் தாரேன். கையில வேலை கெடக்கு, ஒரு பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்" என்றார்.

"உள்ள இருக்கறது?"

"அதான் டில போட்டிருக்கம்லக்கா."

பதினைந்து நாள். அதுவும் அந்தக் கடையில் குப்பை மாதிரி குவிந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில். என் வீட்டுக்காரர் குரலைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குவியலில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மாறிப் போனால்? யாராவது கை தவறிப் போட்டுவிட்டால்? "நானே போட்டுக்கிறேன்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். "யூடியூப்ல பாத்தா சின்னப் பிள்ளையும் போட்டுரும். லினக்ஸ் சிடி மட்டும் வந்து வாங்கிட்டுப் போங்க, உங்க மிஷின் பென் டிரைவ்லருந்து லினக்ஸை ஏத்தாது" என்றார். போய் வாங்கி வந்தேன். அவர் கையால் 'லினக்ஸ்' என்று மார்க்கர் பேனாவில் எழுதிய வட்டமான தகடு. 'லினக்ஸ்' என்பதில் ககரத்துக்கு மேல் புள்ளியில்லை. வரும் வழியிலேயே பஸ்ஸில் உட்கார்ந்து பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தேன்.

பிறகு வீடியோ. தமிழில் லினக்ஸ் போடச் சொல்லித் தருகிறவர்கள் இம்புட்டுப் பேரா என்று மலைத்துப் போனேன். ஒருவன் கோவைக்காரன் போலப் பேசினான், ஒருவன் பேசாமல் பாட்டை மட்டும் போட்டு அம்புக்குறியை ஆட்டினான். கடைசியில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டேன். "வணக்கம் மக்களே!" என்று அவன் கத்துகிற கத்தலில் சமையலறையிலிருந்தே கேட்கும். எதற்கெடுத்தாலும் "ஜஸ்ட் ஒரே ஒரு கிளிக்தான் மக்களே" என்பான். அந்த ஒரு கிளிக்குக்கு முன்னால் நான்கு நிமிஷம் வளவளப்பான். சப்ஸ்கிரைப் பண்ணு, மணியை அமுக்கு, போன வீடியோவில் ஒரு தம்பி கமென்ட்டில் கேட்டிருந்தார்... எனக்கு அப்படிப்பட்ட பேச்சைக் கேட்கப் பொறுமை கிடையாது. போன் திரையில் வலப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் பத்து விநாடி தாண்டிவிடும். அவன் வாயைத் திறந்து இழுக்க ஆரம்பித்தாலே தட்டிவிடுவேன்.

தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் இதே வேலை. நான் வீடியோவைப் பார்த்து நோட்டில் படிப்படியாக எழுதிக்கொள்வேன். அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே ஒரு பட்டனை அமுக்கினால்தான் சிடியைப் படிக்குமாம். எந்தப் பட்டன் என்பதில்தான் கூத்து. அந்தப் பையன் எஃப் பன்னிரண்டு என்றான். என் கம்ப்யூட்டர் அதை மதிக்கவே இல்லை. எஃப் இரண்டு, எஃப் எட்டு, எஃப் பத்து எல்லாம் அமுக்கினேன். மூன்று நாள். நான்காம் நாள் கீபோர்டைத் தூக்கித் தரையில் அடிக்கப் போய்விட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஆன் பண்ண உடனே விடாம தட்டிக்கிட்டே இரு. டெலீட்" என்று எழுதினார். அவராகவே திரையின் மூலையில் ஒரு நொடி வந்து மறைகிற எழுத்தைப் பார்த்திருக்கிறார். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் நம்பர் பார்த்த கண் அல்லவா! தட்டினேன். எதிலிருந்து ஆரம்பிக்க என்று கேட்கிற நீலத் திரை வந்தது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த செய்தி கேட்டவர்கள் மாதிரி சிரித்தோம்.

மறுநாள் காலை சிடி சுற்றியது. விர்ரென்று ஒரு சத்தம், நிற்கும், மறுபடி சுற்றும். கால் மணி நேரம் கழித்து ஒரு நீளமான மொழிப் பட்டியல் வந்தது. அதில் கீழே, தமிழ்!

ஆத்தாடி, எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பையன் வீடியோவில் ஆங்கிலத்தில்தான் செய்தான். நான் எதற்கு ஆங்கிலத்தில் செய்ய வேண்டும்? தமிழைத் தொட்டேன். திரை முழுக்கத் தமிழானது. அடுத்ததாக இரண்டு பொத்தான்கள். 'நிறுவாமல் முயற்சித்துப் பார்' என்று ஒன்று, 'நிறுவு' என்று ஒன்று.

"பாத்தீங்களா! முயற்சித்துன்னு போட்டிருக்கான். முயன்று பார்னுல வரணும். தமிழ்ல முயற்சின்னு ஒரு வினைச்சொல் உண்டா? யாரு இதுக்கு புரூஃப் பாத்தா?" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அமுக்கு என்று சைகை காட்டினார்.

முயன்று பார்த்தேன். அழகான திரை ஒன்று வந்தது. மெதுவாகத் தேடினோம். ஒரு பெட்டிப் படத்தைத் திறந்தால் எங்கள் டி டிரைவ். அதற்குள் நான் பெயரிட்ட அதே ஃபோல்டர். உள்ளே பதினொரு ஃபைல். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றும் இருந்தன. ஒன்றைத் தொட்டு, ஆரம்பம் வேண்டாம் என்று நடுவில் தள்ளிவிட்டேன்.

"...சமயநல்லூர்லாம் எறங்கு, எறங்கு, படியில நிக்காத தம்பி, உள்ள போ. ஏய்யா, நூறு ரூவாயை நீட்டுனா நான் சில்லறைக்கு எங்கய்யா போவேன்..."

அவர் குரல். வீடு முழுக்க அவர் குரல். அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் உதடு அந்தப் பேச்சோடு சேர்ந்து அசைந்தது. "படியில நிக்காத தம்பி" என்ற இடத்தில் அவர் கை தானாக உயர்ந்து தள்ளியது. அரை நிமிஷம் கேட்டிருப்போம். அவரே போதும் என்று கை காட்டினார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, பீரோவைத் திறந்து வெளியே போடுகிற வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து, அதற்கு பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்.

அத்தோடு ஒரு பென் டிரைவைச் செருகி அந்தப் பதினொரு ஃபைலையும் எடுத்து வைத்திருக்கலாம். இன்றைக்கு எல்லாருக்கும் அது தெரிகிறது. அன்றைக்கு என் வீட்டில் பென் டிரைவ் இல்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை. அந்தப் பையன் சொன்னது மட்டும் மண்டையில் இருந்தது: "இப்ப நாம ட்ரயல்ல இருக்கோம் மக்களே. இதுல நீங்க என்ன பண்ணினாலும் ஆஃப் பண்ணினா போயிரும்." அடக் கடவுளே, கரன்ட் போனால் எல்லாம் போய்விடுமே! உடனே நிறுவி நிலையாக்கிவிட வேண்டும் என்று துடித்தேன்.

நிறுவு என்பதைத் தொட்டேன். விசைப்பலகை கேட்டது, ஊர் கேட்டது. எல்லாம் சரியாகப் போனது. பிறகு ஒரு கேள்வி வந்தது. மேலே, 'ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து நிறுவு.' கீழே, 'வட்டை அழித்து நிறுவு.'

சேர்த்து எதற்கு? செத்துப் போன பழைய ஓஎஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? கீழே இருப்பதுதான் சரி என்று பட்டது. இந்த இடத்தில் நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையனும் கீழே இருக்கிறதைத்தான் தொட்டான்.

அவர் என் தோளைத் தொட்டார். நோட்டில் எழுதியிருந்தார்: "வட்டுன்னா?"

"சிடிங்க" என்றேன். "உள்ள சுத்துதுல்ல, அது. அதுல இருக்கறதை எடுத்துக்கிட்டு அதை அழிச்சிருவேங்கிறான். அழிச்சா அழிச்சுட்டுப் போறான், நமக்கு எதுக்கு அந்த சிடி?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி பேனாவை எடுத்தார். நான் விடவில்லை.

"தமிழ் எம்.ஏ. நீங்களா, நானா? கம்ப்யூட்டர் பாடத்துக்கு நோட்ஸ் போட்டப்ப எத்தனை தடவை பாத்திருப்பேன். சிடின்னா குறுவட்டு. ஹார்ட் டிஸ்க்குன்னா வன்தட்டு. தட்டு வேற, வட்டு வேற. சும்மா இருங்க."

பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். நான் அமுக்கினேன்.

இருபது நிமிஷத்தில் முடிந்தது. சிடியை எடுத்துவிடு என்று சொன்னது, எடுத்தேன். கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. என் பெயர் கேட்டு, நான் வைத்த கடவுச்சொல் கேட்டு, பளிச்சென்று திறந்தது. இந்தக் கம்ப்யூட்டரா இது! அம்புட்டு வேகம். அவரைத் திரும்பிப் பார்த்து, "சின்னப் பிள்ளையும் போட்டுருமாம், நான் சின்னப் பிள்ளையா?" என்று வம்பிழுத்தேன். பிறகு பெட்டிப் படத்தைத் திறந்தேன். 'ஆவணங்கள்' என்று ஒன்று, 'படங்கள்' என்று ஒன்று, 'இசை' என்று ஒன்று. எல்லாம் காலி. டி இல்லை. பின்னால் போனேன், முன்னால் போனேன், மூடித் திறந்தேன். டி என்ற ஒன்றே இல்லை.

அவர் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினார். "டி?"

நான் தல்லாகுளத்துக்கு போன் போட்டேன். என்ன அமுக்கினேன் என்று கடைக்காரர் கேட்டார். வரிக்கு வரி சொன்னேன். அவருக்குத் தமிழ் வார்த்தை பிடிபடவில்லை. "இங்கிலீசுல என்னக்கா போட்டிருந்துச்சு?" என்றார். வீடியோவை நிறுத்திப் படித்துக் காட்டினேன். எரேஸ் டிஸ்க்.

"யக்கா... அது சிடி இல்லக்கா. மொத்த ஹார்ட் டிஸ்க்கு. லினக்ஸுக்கு சி, டின்னு ஒண்ணும் கெடையாது. எல்லாம் ஒண்ணுதான். மொதல்ல மிஷினை ஆஃப் பண்ணுங்க. எதையும் தொடாதீங்க. இப்பவே வாரேன்."

வந்தார். தூக்கிக்கொண்டு போனார். யாரிடம் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தேனோ, அதே குவியலுக்கு அது போனது.

அன்று மத்தியானம் அந்த வீடியோவை ஒரு விநாடி விடாமல் பார்த்தேன். அந்தக் கிளிக்குக்குச் சற்று முன்னால், மணியை அமுக்கச் சொன்ன கையோடு, நான் தட்டித் தாண்டிய அந்தப் பத்து விநாடிக்குள் அவன் சொல்கிறான்: "மக்களே, நான் எம்ப்டி டிஸ்க்குல பண்றேன். உங்க சிஸ்டத்துல டேட்டா இருந்துச்சுன்னா தயவு பண்ணி இந்த ஆப்ஷனைத் தொடவே தொடாதீங்க." தெளிவாகச் சொல்கிறான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. என் பழைய புரூஃப் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. அதையும் இறக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பாடம். ஹார்ட் டிஸ்க்கை ஆசிரியர் 'வன்வட்டு' என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் விடாமல் சிவப்பு மையில் அடித்து, 'வன்தட்டு' என்று திருத்தியிருக்கிறது. என் கையெழுத்து. ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நானே செய்தது. எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அதைப் படித்தார்களோ, நானும் படித்தேன், நானே நம்பினேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. வெள்ளைச் சட்டையை மடித்து பீரோவில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் நான் சோறு போட, அவர் சாப்பிட, தட்டு எடுக்க, இப்படியே போனது. நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார். சென்னைக்காரர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பழைய இடத்து மேலயே புதுசு எழுதிருச்சுக்கா. எம்புட்டோ பாத்தாச்சு. மூணு ஃபைலு மட்டும் தலைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சம் வந்துருக்கு. ஆரம்பம் மட்டும். மத்ததெல்லாம் போச்சு. நான் கேக்கலைக்கா, உங்க விசயம்னு அப்படியே கொண்டாந்துட்டேன்" என்று ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார். கம்ப்யூட்டரையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து முதல் ஃபைலைப் போட்டேன்.

"ம், ஆன் ஆயிருச்சு. பேசுங்க." என் குரல். கொஞ்சம் இடைவெளி. "அட, பேசுங்கன்றேன்ல. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம். அத்தோடு கரகரவென்று அறுந்து போனது.

இரண்டாவது. "நேத்து மாதிரி சத்தமாப் பேசாதீங்க, போன்ல கிழிஞ்சு கேக்குது. மெதுவா, நிறுத்தி நிதானமாப் பேசுங்க. இருங்க இருங்க, ஃபேனை நிப்பாட்டிட்டு வாரேன்." செருப்பு நடக்கிற சத்தம். முடிந்தது.

மூன்றாவதுதான் நீளம். ஒரு நிமிஷத்துக்கு மேல் வந்தது. என்னைப் பொண்ணு பார்க்க வந்த கதையைச் சொல்லச் சொல்கிறேன். அவர் மூச்சை இழுக்கிறார். "இருங்க, உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது, நானே சொல்றேன்" என்று நான் ஆரம்பித்துவிடுகிறேன். அன்றைக்கு என்ன புடவை, யார் யார் வந்தார்கள், அவருடைய அக்கா கேசரியைக் குறை சொன்னது, எல்லாம் நானே சொல்கிறேன். அவர் "ம்" என்கிறார். நான் இன்னும் சொல்கிறேன். மறுபடி "ம்" என்கிறார். அதற்குள் அறுந்துவிட்டது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. நோட்டை என் முன்னால் வைத்தார்.

"நீ எங்க பேச விட்ட" என்று எழுதியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கழுத்துத் துவாரத்தில் காற்று விட்டு விட்டு வந்தது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் போன் பண்ணினாள். நாளைக்குக் காலையில் வந்துவிடுகிறார்கள், ரெக்கார்டிங் எவ்வளவு நேரம் இருக்கும், அரை மணியாவது தேறுமா என்று கேட்டாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "அவர் ஒண்ணும் பேசல. பூரா நான்தான் பேசியிருக்கேன்."